நம்ம வீட்டுப் பிள்ளையும் பொது சுகாதாரம் படிக்கலாம்

(கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி மேற்கே ஏலத்தோட்டத்துக்குப் போய், காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்துக்குத் திரும்பி, முகத்தைக் கழுவியும் கழுவாமலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை அதிக நேரம் பிடித்து வைக்கக் கூடாது. வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டத்தில் கர்ப்பிணி கவனிப்பு, தடுப்பூசி, குழந்தைக்கும் குழந்தைக்கும் இடைவெளி என்று பேசுவோம். இன்றைக்கு அவற்றைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டு, வேறு ஒரு விஷயம் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் ஒரு தாய் கேட்ட கேள்வி.

துணை சுகாதார நிலையத்துக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர் அவர். பார்த்து முடித்ததும் போகாமல் நின்றார். "ஏங்க சார், எம் மக பிளஸ் டூ முடிச்சிட்டா. பயாலஜி குரூப்பு. டாக்டருக்குப் படிக்கணும்னு பரீட்சை எழுதுனா, மார்க்கு பத்தலை. நர்சு வேலை வேண்டாங்குறா. வீட்டுக்காரரு, அப்ப மாப்பிள்ளை பாத்துருவோம்ங்குறாரு. ஆஸ்பத்திரி சம்பந்தமா வேற படிப்பே கிடையாதா?" என்று கேட்டார். பெண்ணுக்கு அப்போது பதினெட்டு கூட நிறையவில்லை.

நின்ற இடத்தில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியதை இன்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். படிப்பு இருக்கிறது. அதற்குப் பொது சுகாதாரம் என்று பெயர். பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேருகிற பட்டப்படிப்பாகவே அது வந்திருக்கிறது. ஆனால் அது என்ன படிப்பு, அதைப் படித்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டுதான் பணம் கட்ட வேண்டும்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம்.

டாக்டர் என்ன செய்கிறார்? காய்ச்சலோடு ஓர் ஆள் போனால், அந்த ஆளைப் பார்க்கிறார், ஊசி மருந்து கொடுக்கிறார், குணமாக்குகிறார். நல்லது, அது வேண்டும். ஆனால் ஒரே தெருவில் இருந்து ஏழு பேர் ஒரே வாரத்தில் காய்ச்சலோடு வந்தால்? எட்டாவது ஆள் வராமல் இருப்பதற்கு ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா? ஏன் அந்தத் தெரு? ஏன் அந்த வாரம்? தண்ணீரா, கொசுவா, எலியா? இதைத் தேடிக் கண்டுபிடிக்கிற படிப்புதான் பொது சுகாதாரம். டாக்டருக்கு நோயாளி ஓர் ஆள். சுகாதாரம் படித்தவருக்கு ஊரே நோயாளி.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நம்முடைய இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. பிளேக் என்ற பெயரை இங்கே இருக்கும் பெரியவர்கள் தங்கள் தாத்தா பாட்டி வாயால் கேட்டிருக்கலாம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் கொள்ளை நோய் இருந்தது. அது இங்கே எப்படி வருகிறது, எப்படித் தங்குகிறது என்று ஒரு விசாரணையே நடந்தது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரண்டு பேர் அதை எழுதி, 1934ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே கம்பம் பள்ளத்தாக்கு என்ற பெயர் இருக்கிறது. பிளேக்கைப் பற்றி ஆராய்கிறவர்கள் நம்ம ஊர்ப் பெயரை அந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

பிளேக் விசாரணை என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? எலி பிடிப்பார்கள். சிரிக்காதீர்கள். எந்த வீட்டில், எந்தத் தானியக் கிடங்கில் பிடித்தது என்று எழுதிக்கொள்வார்கள். அந்த எலியின் மேல் எத்தனை தெள்ளுப்பூச்சி இருக்கிறது, அது எந்த இனம் என்று எண்ணுவார்கள். ஏனென்றால் பிளேக் கிருமி எலிக்கு வரும், எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அதன் மேல் இருந்த தெள்ளுப்பூச்சி அடுத்த உடம்பைத் தேடும், மனுசனைக் கடிக்கும். அதனால்தான் கூரையில் இருந்து எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துகொண்டு வெளியே குடிசை போட்ட காலம் இருந்தது. எலியை எண்ணி, பூச்சியை எண்ணி, செத்தவர்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், அம்மன் கோபம் என்று நினைத்த விஷயத்துக்கு ஒரு வழித்தடம் தெரிகிறது. வழித்தடம் தெரிந்தால் மறிக்கலாம்.

இன்னொன்று சொல்கிறேன். நரம்புச் சிலந்தி. வயதானவர்களுக்குத் தெரியும். காலில் கொப்புளம் வந்து, அதில் இருந்து நூல் மாதிரிப் புழு வெளியே வரும். தமிழ்நாட்டிலும் அந்த நோய் இருந்தது. அதற்குத் தடுப்பூசியும் கிடையாது, குணமாக்கும் மாத்திரையும் கிடையாது. பிறகு எப்படி ஒழிந்தது? படிக்கட்டுக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டதை நிறுத்தி, குழாய்த் தண்ணீரும் கைப்பம்பும் கொடுத்தார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். புண்ணுள்ள காலைத் தண்ணீரில் வைக்காதே என்றார்கள். இவ்வளவுதான். 1996ல் ராஜஸ்தானில் கடைசி நோயாளியைக் கண்டார்கள். 2000ல் இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஊர் ஊராக நடந்து, கிணறு கிணறாகப் பார்த்து, குறிப்பு எழுதிய ஆட்களால் ஒழிந்த நோய் அது. அவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள் அல்ல.

நம்ம மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971ல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அது 13. அந்த நூறு குழந்தைகளை யார் காப்பாற்றினார்கள்? பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு, தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்த நர்சம்மாவுக்கும், குளோரின் போட்ட இன்ஸ்பெக்டருக்கும், அவர்கள் கொண்டுவந்த நோட்டுக் கணக்கைப் படித்து, எந்த ஊரில் குழந்தை சாவு கூடுது, ஏன் கூடுது என்று கேட்ட அதிகாரிகளுக்கும்தான். இந்த மாநிலத்தில் பொது சுகாதாரத்துக்கென்றே தனித் துறை 1922லேயே ஏற்பட்டது. 1939ல் சென்னை மாகாணப் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. நாட்டிலேயே அப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான்.

இப்போது உங்களை வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போகும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறேன். வழியில் செம்பட்டி வரும். அதற்குப் பக்கம் ஆத்தூர். தேனி தனி மாவட்டமானது 1996ல்தான். அதற்கு வெகு காலம் முன்பு கம்பமும் ஆத்தூரும் ஒரே மதுரை மாவட்டம். அந்த ஆத்தூர் வட்டாரத்தில் 1959ல் காந்திகிராமத்தார் ஒரு சோதனை முயற்சி தொடங்கினார்கள். கிராமத்து ஜனங்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, குடும்பத்தை அளவோடு வைத்துக்கொள்ள விருப்பம் இருந்தும் ஏன் தயங்குகிறார்கள் என்று, அந்தந்த ஊர்க்காரர்களையே கேட்டுப் பார்க்கிற வேலை. ஊரில் யார் சொன்னால் பெண்கள் கேட்பார்கள் என்று விசாரித்து, அவர்களைக் கொண்டே பேச வைத்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் அந்த வட்டாரத்தில் பிறப்பு விகிதம் வெகுவாக இறங்கியது. அந்த வேலையில் இருந்து 1964ல் ஒரு நிறுவனமே பிறந்தது. காந்திகிராம கிராமிய சுகாதார, குடும்ப நல நிறுவனம் என்பது அதுதான். சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அதன் முக்கிய வேலை.

காந்திகிராமத்தைப் பேசினால் சௌந்தரம் அம்மாவைப் பேசாமல் இருக்க முடியாது. டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரின் மகள். சின்ன வயதிலேயே திருமணம் ஆகிவிட்டது. கணவர் டாக்டர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய், அதே நோயில் இறந்துபோனார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண்ணை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் இவரை வீட்டார் படிக்க வைத்தார்கள். தில்லிக்குப் போய் லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்தார். பிறகு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டு, இருவரும் சேர்ந்து 1947ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கஸ்தூரிபா ஆஸ்பத்திரி அங்கே வளர்ந்ததுதான். பணக்கார வீட்டுப் பெண் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் பணம் இருந்த எத்தனையோ வீடுகளில் பெண்ணைப் படிக்க விடவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தப் பட்டப்படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? இடத்துக்கு இடம் மூன்று வருசமோ நான்கு வருசமோ நடக்கிறது. நோய் பரவும் முறையைக் கண்டுபிடிப்பது ஒரு பாடம். புள்ளிக் கணக்கு ஒரு பாடம்; கணக்கு என்றால் ஓடுகிற பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், கணக்கு இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. குடிநீர், கழிவு, கொசு, எலி. சத்துணவு. தாய் சேய் நலம். தொழில் செய்யும் இடத்தில் வரும் நோய்கள். ஜனங்களிடம் எப்படிப் பேசுவது. அரசாங்கத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன. இதோடு ஊருக்குள் போய்த் தங்கி வேலை பழக வேண்டும்.

புத்தகத்தில் உள்ள பெயர்களைச் சொன்னால் உங்களுக்கு மனசில் பதியாது. நம்ம ஊரை வைத்துச் சொல்கிறேன்.

நர்சம்மா பகலில் வீட்டுக்கு வருகிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் மலையில் இருக்கிறீர்கள். பாட்டி மட்டும் திண்ணையில் இருக்கிறார். குழந்தைக்கு எந்த ஊசி போட்டது, எது போடவில்லை என்று அவருக்குத் தெரியாது. நோட்டில் "வீடு பூட்டு" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். மேலே இருக்கும் அதிகாரி, "இந்த ஊர்க்காரங்களுக்கு அக்கறை இல்லை" என்று நினைக்கலாம். பொது சுகாதாரம் படித்த பெண் ஒருத்தி அந்த நோட்டைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? எந்த மாதத்தில் பூட்டு அதிகம் என்று எண்ணுவாள். காய் எடுக்கும் பருவத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். அப்புறம், "ஊசி போடும் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாத்தணும், ஜீப் வந்து நிக்கிற இடத்திலேயே ஒரு மேசை போடணும்" என்று எழுதிக் கொடுப்பாள். அக்கறை இல்லாதது ஊர் அல்ல, நேரம்தான் ஒத்துவரவில்லை என்று கணக்கைக் காட்டிச் சொல்வாள். ஏலத்தோட்டத்துக்குப் போன தாயின் மகளுக்கு இது தோன்றுகிற மாதிரி, பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தோன்றாது. நம்ம பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணமே அதுதான்.

சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. அக்கினிச் சட்டி எடுத்துக்கொண்டு ஜனம் அலை மோதுகிறது. முல்லையாற்றில் குளிக்கிறோம், அங்கேயே சமைக்கிறோம், சர்பத் குடிக்கிறோம். அத்தனை கூட்டத்திலும் வாந்தி பேதி பரவாமல் இருந்தால் ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் அளவு பார்த்து, ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, கழிப்பிடம் போட்டு, பலகாரக் கடைகளைச் சோதித்து ஆட்கள் வேலை செய்திருப்பார்கள். நான் சொன்னேனே, 1939ஆம் வருசச் சட்டம், அதில் திருவிழாவுக்கும் சந்தைக்கும் என்றே ஒரு பகுதி உண்டு. இந்த வேலையில் ஒரு குறை, ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்?

ரத்த சோகையையும் சொல்லிவிடுகிறேன். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தம் குறைவு. கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறோம், தினம் ஒன்று வீதம் 180 நாள். கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது. தின்றதற்குக் கணக்கு இருக்கிறதா? உங்களைக் குறை சொல்லவில்லை. வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயந்துபோய் மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுகிறீர்கள். சிலர் டீயோடு சேர்த்து முழுங்குகிறீர்கள். டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீரோடு, ராத்திரி படுக்கப் போகும்போது எடுத்துக்கொண்டால் பலருக்குப் பிரட்டல் குறைகிறது. மாத்திரை கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காமல், அலமாரி வரை போய்ப் பார்ப்பதும் இந்தப் படிப்பில் அடக்கம். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆண்களுக்கும் இதே கதைதான். முகத்தில் துணி கட்டச் சொன்னால் கட்டுவதில்லை. வேர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். அது பொய்யில்லையே! வேர்க்காத ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறவரையும் நமக்கு வேண்டும்.

இந்தப் படிப்பில் பெருமைகள் மட்டும் பாடமில்லை, தவறுகளும் பாடம். 1976ல் நாட்டின் பல பகுதிகளில் இலக்கு வைத்துக்கொண்டு, ஆள் பிடித்துக் கருத்தடை செய்தார்கள். அதன் பலன் என்ன? ஜீப் வந்தால் ஜனம் காட்டுக்குள் ஓடியது. ஊசி போட வந்தவரைக்கூட நம்பவில்லை. 1977ல் குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரையே குடும்ப நலம் என்று மாற்ற வேண்டி வந்தது. 1996ல் மேலிருந்து இலக்கு வைக்கும் முறையைக் கைவிட்டார்கள். சுகாதாரத் துறையில் இருந்துகொண்டு இதை நான் சொல்லலாமா என்று சிலர் நினைக்கலாம். சொல்லத்தான் வேண்டும். சம்மதம் இல்லாமல் செய்தது சுகாதாரம் ஆகாது என்று படித்த பிள்ளைகள் நாளைக்கு அதிகாரியாக வர வேண்டும்.

இனி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும்.

பொது சுகாதாரத்தில் பட்டம் வாங்கினால் உடனே அரசாங்க வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தியாவில் பிளஸ் டூ முடித்ததும் நேராகப் பொது சுகாதாரப் பட்டம் கொடுக்கிற இடங்கள் இன்னும் குறைவு. முன்பெல்லாம் டாக்டருக்குப் படித்தவர்தான் மேற்கொண்டு இதைப் படிப்பார். 1932ல் கல்கத்தாவில் இதற்கென்று தொடங்கிய அகில இந்திய நிறுவனத்தில் இருந்து அந்த வழக்கம்தான் நடந்துவந்தது. நம்ம கிராமத்து வேலைகளுக்குத் தமிழ்நாடு அரசு கேட்கிற படிப்பே வேறு. கிராம சுகாதார செவிலியர் ஆக வேண்டும் என்றால் இரண்டு வருச ஏ.என்.எம். பயிற்சி. சுகாதார ஆய்வாளர் ஆக வேண்டும் என்றால், பிளஸ் டூவில் உயிரியல் படித்து, அதற்கு மேல் அங்கீகாரமுள்ள இடத்தில் இரண்டு வருச சுகாதார ஆய்வாளர் பயிற்சி. பத்தாவதில் தமிழை ஒரு பாடமாகப் படித்துத் தேறியிருக்கவும் வேண்டும். இந்த ஆய்வாளர் படிப்பு காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி. என்பார்களே, அவர்கள் வெளியிட்ட அறிவிப்புகளில் இந்த இரண்டு வருசப் படிப்பைத்தான் கேட்டார்கள். நாலு வருசம் பட்டம் படித்த பிள்ளை, இரண்டு வருசம் படித்தவருக்குரிய வேலைக்கு மனு போட முடியாமல் நிற்கக் கூடாது. அதனால் எந்த வேலையை நினைத்துப் படிக்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் பட்டம் எதற்கு? அதற்கு மேல் எம்.பி.எச். என்ற இரண்டு வருச மேல்படிப்பு இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் இருக்கிறது, சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தில் இருக்கிறது. டாக்டர் அல்லாத பட்டதாரிகளையும் இந்த மேல்படிப்பில் சேர்க்கிற நிறுவனங்கள் பல உண்டு. எந்தெந்தப் பட்டம் செல்லும் என்பதை அந்தந்த இடத்து அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை முடித்தவர்கள் ஆராய்ச்சி நிறுவனங்களிலும், தேசிய சுகாதாரத் திட்டங்களிலும், தொண்டு நிறுவனங்களிலும், வெளிநாட்டு அமைப்புகளிலும் வேலை பார்க்கிறார்கள். பல வேலைகள் ஒப்பந்த வேலைகள், அதையும் மறைக்கவில்லை. என்னைக் கேட்டால், பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல், புள்ளியியல், சமூகப்பணி, சத்துணவு இதில் ஒன்றைக் குறைந்த செலவில் நன்றாகப் படித்துவிட்டு, எம்.பி.எச்.க்குப் போகிற வழியும் மோசமில்லை. கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டி, பெயர் தெரியாத இடத்தில் சேர்வதைவிட அது மேல்.

சேரும் முன்பு, அந்தப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருசம் முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று இரண்டு பேரிடமாவது நேரில் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டில் நோட்டீசு கொடுக்கிற ஆளிடம் அட்வான்சு கொடுக்காதீர்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், பிள்ளையின் நாலு வருசத்தை வாங்கப் போகும்போது பார்க்க வேண்டாமா?

இப்போது அந்தத் தாய் சொன்ன இரண்டாவது விஷயம். "மாப்பிள்ளை பாத்துருவோம்."

பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்று 1978லேயே சட்டம் வந்தாகிவிட்டது. 2006ஆம் வருசச் சட்டப்படி, அதற்கு முன்பு கல்யாணம் செய்து வைக்கிற பெரியவர்களுக்குத் தண்டனை உண்டு. 1098க்கு ஒரு போன் போனால் பந்தலில் அதிகாரி வந்து நிற்பார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த வரவில்லை. பதினெட்டு நிறைந்த மறுநாளே கட்டிக் கொடுத்தாலும் சட்டம் ஒன்றும் கேட்காது. ஆனால் அந்தப் பெண்ணின் உடம்பு கேட்கும். இடுப்பெலும்பு முழுசாக வளரும் முன்னால், ரத்தம் ஏழு எட்டில் இருக்கும்போது, முதல் பிரசவம். அது ஆறி நிமிரும் முன்னால் அடுத்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பயாலஜி புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போடுகிறபோது அவள் மனசு என்ன பாடுபடும் என்று அப்பாமார்கள் நினைத்துப் பாருங்கள்.

"வயசு கூடினா நல்ல இடம் வராது, சீர் கூடும், ஊர் பேசும்" என்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமான கவலை. ஊர் பேசத்தான் செய்யும். ஆனால் அதே ஊர்தான், உங்கள் மகள் பையை மாட்டிக்கொண்டு வந்து தங்கள் பேரனுக்கு ஊசி போட்டால், "வா தாயி, உக்காரு, காபி சாப்பிடு" என்று பேசும். ஊர்ப் பேச்சு எந்தப் பக்கமும் திரும்பும்.

செலவுக்கு வழி சொல்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு அதேபோல் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, தற்போதைய விதி என்ன, நம்ம பிள்ளைக்கு வருமா என்று கேளுங்கள். டாக்டர் படிப்பிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020ல் இருந்து 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கினார்கள். ஒரு தடவை மார்க் பத்தவில்லை என்றால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று பிள்ளையை வீட்டில் அடைக்காதீர்கள். அழுகிற பிள்ளையைத் தனியாக விடவும் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 104க்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

இளம் தம்பதிகளே, உங்கள் குழந்தை இப்போது தொட்டிலில் இருக்கிறது, இந்தப் பேச்சு நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்கள். ஒரு பிள்ளையை விடுதியில் வைத்துப் படிக்க வைக்க என்ன செலவாகும் என்று இன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மலைக் கூலியில் அது எத்தனை நாள் கூலி? இரண்டு பிள்ளைகளுக்கு எத்தனை நாள்? முதல் குழந்தைக்கும் அடுத்ததுக்கும் மூன்று வருசமாவது இடைவெளி வேண்டும் என்று நாங்கள் சொல்வது தாயின் உடம்புக்காக. ஆனால் காலேஜ் பீசு இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிய வருசங்கள் குறையும் என்பதும் அதில் ஒரு லாபம். காப்பர் டி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா ஊசி இருக்கிறது, ஆணுறை இருக்கிறது. எல்லாம் நம்ம அரசு நிலையங்களில் இலவசம். குடும்பம் போதும் என்று முடிவு செய்தவர்களில் ஆண்களுக்குத் தழும்பில்லாத சின்ன சிகிச்சை இருக்கிறது. கத்தி கிடையாது, தையல் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனால் இந்த இடத்துக்கு வந்ததும் ஆண்கள் வரிசையில் ஒரே அமைதி! பாருங்கள், இப்போதும் யாரும் தலை நிமிரவில்லை. ஏன் எப்போதும் பெண்களே அறுவைக்கு வருகிறார்கள் என்பதையே ஒரு பிள்ளை நாளைக்கு ஆராய்ச்சியாக எடுத்துப் படிக்கலாம். நல்ல தலைப்பு.

பையன்களைப் பெற்றவர்களும் இதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்ததும் ஜீப் ஓட்டப் போகிறேன், கேரளாப் பக்கம் போகிறேன் என்று கிளம்புகிற பையனுக்கு, உயிரியல் படித்திருந்தால் அந்த ஆய்வாளர் பயிற்சி ஒரு நல்ல வழி. கொசுப்புழு தேடித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிற வேலை கௌரவக் குறைவு என்று சில பையன்கள் நினைக்கிறார்கள். டெங்கு வந்து பக்கத்து வீட்டுக் குழந்தையைக் க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

அந்தத் தாய் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். பின்வரிசையில் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரரும் வந்திருக்கிறார், அது எனக்கு ரொம்பச் சந்தோசம். அண்ணே, உங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் ஆறு மாதம் பதில் சொல்லாமல் இருங்கள். அதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை காந்திகிராமம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பஸ் செலவுதான். பார்த்த பிறகு அவளே சொல்லட்டும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் அதையும் அழைத்து வாருங்கள். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். நர்சம்மாவும் இன்ஸ்பெக்டரும் இருப்பார்கள். தாங்கள் எப்படிப் படித்தார்கள், எவ்வளவு செலவானது, எந்த வருசம் வேலை கிடைத்தது, அதுவரை எத்தனை வருசம் காத்திருந்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். சாயங்காலம் ஜீப் திரும்பும் நேரம் வரை உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.